கணக்குக் காட்டாக் கையர்

திருப்புலிவனத்தை அடுத்த உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை குடவோலை முறையை விரித்துரைப்பன. வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அவற்றின் கட்டளை. அது நால்வேதியர் அவை. உழைத்துண்ட எளியவனுக்கு அதில் இடமில்லை. அதனை நாம் மறந்தோமல்லோம். ஆயினும், பொதுப்பொருளைக் கையாண்டவன் கணக்குக் காட்டல் வேண்டும் என்னும் நேர்மை அக்கல்லில் நின்றது. தில்லியின் நெஞ்சில் அது நின்றதா? தொலைத்தொடர்புத் துறையே விடை கூறட்டும்.

சென்னைக் கிண்டியில் 1960இல் தோன்றிய தொலையச்சுப் பொறியாலையின் நூற்றுக்கு 74 பங்கை 2001இல் 55 கோடி உருபாவுக்குத் தனியாரிடம் தள்ளினர். வெளிநாட்டுத் தொடர்புக்கென 1986இல் அமைந்த விதேச சஞ்சார் நிகமின் நூற்றுக்கு 25 பங்கையும், அதனுடன் ஆளும் உரிமையையும், 2002இல் 1,439 கோடிக்கு டாட்டா குழுமத்திடம் ஒப்படைத்தனர். வாங்கிய சில திங்களுக்குள், அந்நிறுவனத்தின் பணத்தினின்றே 1,200 கோடியைத் தம் மற்றொரு தொலைப்பேசி நிறுவனத்தில் இட முடிவெடுத்தனர் புதிய ஆட்சியாளர்! விற்பதற்கென்றே தனி அமைச்சகம் வைத்திருந்த அரசு அன்றைய அரசு.

எஞ்சியது, துறையாயிருந்து 2000 அக்தோபர் முதல் நாள் நிறுவனமாக்கப்பெற்ற பாரத் சஞ்சார் நிகம். மக்கள் பி.எசு.என்.எல். என்பர். பெயரிலும் தமிழுக்கு இடமில்லை. ஆட்சியிலும் தமிழர்க்கு இடமில்லை. இதனை விற்கவில்லை, பட்டினியிட்டனர். தனியார் 2012இலேயே நான்காந் தலைமுறைத் தொடர்பைத் தொடங்கினர். 2016இல் இரிலையன்சின் சியோ நாடெங்கும் பரவிற்று. அரசு நிறுவனத்துக்கோ அவ்வலைக்கற்றை வழங்கும் முடிவே 2019 அக்தோபரில்தான் வந்தது. 2020இல் அழைத்த ஒப்பந்தப்புள்ளியும் நீக்கப்பட்டது. உள்நாட்டுக் கருவியே வேண்டும் என்னும் விதி இதற்கு. வெளிநாட்டுக் கருவியால் வலைவிரிக்கும் உரிமை தனியார்க்கு! உள்நாட்டுக் கருவியை ஆக்கியது பெருமையே. ஆயின் அதற்குரிய காலத்தாழ்வை அரசு நிறுவனம் மட்டும் ஏன் சுமத்தல் வேண்டும்? நாடளாவிய தொடக்கம் 2025 செப்தெம்பர் 27இல்தான் நிகழ்ந்தது. காலைக் கட்டிப்போட்டு, ஓடவில்லை என்று பழித்தனர். 2020 சனவரி இறுதியில் 78,000க்கு மேற்பட்ட ஊழியர், ஏறத்தாழப் பாதிப்பேர், விருப்ப ஓய்வென்னும் பெயரால் ஒரே நாளில் வெளியேறினர். 2021இல் கோபுரங்களையும் பணமாக்கும் பட்டியலிற் சேர்த்தனர்.

‘2022இல் 1.64 இலக்கங் கோடி வழங்கினோமே!’ என்பர். அதில் கைப்பணம் ஏறத்தாழ 44,000 கோடியே. மிகுதியில் ஒரு பகுதி, அலைக்கற்றைக்குத் தாமே விலைகுறித்து, ஒரு கையினின்று மறு கைக்கு மாற்றிய ஏட்டுக்கணக்கு. நோய் முற்றியபின் ஊட்டும் மருந்துக்கு ஈகையென்று பெயரா?

இந்நிறுவனம் ஏன் வேண்டும்? 2024 சூலையில் தனியார் மூவரும் கட்டணத்தை உயர்த்தியபோது மக்கள் பலர் இதன்பாலே திரும்பினர். அப்புகலிடம் அழியுமாயின், ஈட்டம் குறைந்த சிற்றூர்க்குக் கோபுரம் நடுவார் யார்? விலையைத் தட்டிக் கேட்பார் யார்?

தொலைத்தொடர்பு நடுவணரசுப் பட்டியலிற் பூட்டப்பட்டுள்ளது. 2004 முதல் 2010 வரை தயாநிதி மாறனும் ஆ. இராசாவும் இத்துறை அமைச்சராயிருந்தனர். அமைச்சர் பதவி தமிழ்நாட்டார்க்குக் கிடைத்தது, துறையில் தமிழ்நாட்டுக்கு உரிமை கிடைத்திலது. ஆளுக்குப் பதவி வேறு, நாட்டுக்கு உரிமை வேறு என்பதை இனியேனும் உணர்வோமாக.

தமிழர்களே! விற்றது எவ்வளவு, வந்தது எவ்வளவு, தாழ்த்தியவர் எவர் என்னும் கணக்கைக் கேளுங்கள். தமிழ்நிலத்துத் தொடர்பமைப்பை ஆளும் உரிமையில் தமிழ்நாட்டரசுக்குப் பங்கு கேளுங்கள். கணக்குக் காட்டாதவன் ஓலை குடத்தில் இடப்படாது என்றது நம் மண்ணின் கல். நம் கையிலுள்ள வாக்கோலையும் அதனையே சொல்லட்டும்!