ஒரே பேரில் ரெண்டு வன்தட்டு

ஆண்டுக் கணக்கு முடிக்கும் ஆணியெல்லாம் ஒருவழியாகத் தீர்ந்தது. ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் ஒரு சமாச்சாரத்தை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். நான் கணினி படித்தவன் இல்லை, வெறும் பி.காம். ஆனாலும் இந்த விஷயம் கணினிக்காரர்களை விட வங்கிக்காரனுக்குத்தான் சட்டென்று புரியும் என்பது என் கட்சி.

விஷயம் இதுதான். நேற்று வரை ஒழுங்காக எழுந்து வந்த லினக்ஸ் பொட்டி. பழைய பொட்டியில் இருந்து கழற்றிய வன்தட்டை, அதிலிருக்கும் படங்களை எடுப்பதற்காக, ரெண்டாவதாக மாட்டுகிறார்கள். அவ்வளவுதான். பொட்டி பாதி வழியில் நின்றுகொண்டு ரூட் கடவுச்சொல் கேட்கிறது. இல்லையென்றால் எழுந்து வருகிறது, ஆனால் உள்ளே போன வருடத்துக் கோப்புகள்! வட்டு போச்சு, புதுசு வாங்குங்க என்று சொல்ல ஆள் ரெடியாக இருப்பார். உண்மையில் வட்டுக்கு ஒன்றும் இல்லை. கோளாறு பேரில்.

வன்தட்டைப் பல பார்ட்டிஷனாகப் பிரிக்கிறோம் இல்லையா, ஒவ்வொன்றுக்கும் லேபிள் என்று ஒரு பேர் வைக்கலாம். எந்தப் பார்ட்டிஷனை எங்கே பொருத்துவது என்கிற பட்டியல் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் இருக்கும். 2000-களில் ரெட் ஹேட் லினக்ஸை நிறுவினால், ரூட் பார்ட்டிஷனுக்கு '/' என்றும் துவக்கப் பார்ட்டிஷனுக்கு '/பூட்' என்றும் அதுவே பேர் வைத்து, பட்டியலிலும் அந்தப் பேரையே எழுதிவிடும். ஊரில் பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் முனியாண்டி என்று பேர் வைத்த மாதிரி. நிறுவும்போதே இன்னொரு '/' கண்ணில் பட்டால் '/1' என்று மாற்றிக்கொள்ளும் புத்தி பிறகு வந்தது. ஆனால் நிறுவி முடித்த பின் வேறு பொட்டியின் வட்டை மாட்டினால்? ரெண்டு முனியாண்டியும் ஒரே திண்ணையில்.

இதில் மோசமானது பொட்டி நின்றுபோவது இல்லை. நிற்காமல் ஓடுவதுதான். கெர்னல் ஒரு வட்டில் இருந்தும் அதற்கான மாட்யூல்கள் இன்னொரு வட்டில் இருந்தும் வரும். பதிப்பு பொருந்தாமல் நெட்வொர்க் கார்டு வேலை செய்யாது. அதையாவது கண்டுபிடித்துவிடலாம். இன்றைக்கு உட்கார்ந்து அடித்த கணக்கெல்லாம் பழைய வட்டில் போய் விழுந்து, நாலு நாள் கழித்து அந்த வட்டைக் கழற்றினால், கணக்கும் கூடவே போய்விடும்.

இங்கே லக்னோவில் எங்கள் கிளைக்கு வந்து பாருங்கள். சுனிதா தேவி என்ற பேரில் எத்தனை கணக்கு! நம் ஊரில் பேருக்கு முன்னால் இனிஷியலாவது இருக்கும், இங்கே அதுவும் கிடையாது. "சுனிதா தேவி கணக்கில் ஆயிரம் ரூபாய் போடுங்க" என்றால் எந்தக் காசாளரும் போட மாட்டார். கணக்கு எண் கேட்பார். கண்ணில் பட்ட முதல் சுனிதா தேவிக்கு வரவு வைத்தால் மறுநாள் அவருக்கு மெமோ வரும். வங்கியில் மெமோ வாங்கித் தரும் வேலையைக் கணினி செய்தால் மட்டும் நாம் ஏன் சும்மா விடுகிறோம்? ரெண்டு பேர் ஒரே பேரில் வந்தால் நின்று கேட்க வேண்டும், ஊகித்துக்கொண்டு ஓடக் கூடாது.

இதற்கு வந்த மருந்துதான் யூயூஐடி. 32 இலக்கத்தில் ஒரு நீள எண், வட்டின் கணக்கு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2006-இல் வந்த உபுண்டு 6.10 இதைத்தான் எஃப்எஸ்டேப்பில் எழுத ஆரம்பித்தது, மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். "வாயில் நுழையாத இந்த எண்ணை யார் படிப்பது?" என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. அலுப்பு நியாயம்தான். ஆனால் இதற்கும் வங்கியில் பதில் இருக்கிறது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பணம் கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான் வரவாகிறது. எண்ணில் ஒரு இலக்கம் தப்பினால் யாருக்கோ போய்விடும். அதனால்தான் அனுப்புவதற்கு முன்பே பெறுபவர் பேரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. எண் இயந்திரத்துக்கு, பேர் மனிதக் கண்ணுக்கு. வட்டுக்கும் இதுவே சரி. பட்டியலில் யூயூஐடி எழுதுங்கள். லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள், 'படங்கள்2019' என்பது போல உங்களுக்குப் புரிகிற பேராக வையுங்கள். எக்ஸ்ட்4-இல் 16 எழுத்துருக் குறிகள் வரை இடம் உண்டு, ஆங்கிலத்தில் வைத்தால் போதுமானது.

எண் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். வட்டை அப்படியே நகல் எடுத்தால் யூயூஐடியும் நகலாகிவிடும். வைப்புத்தொகை ரசீதைக் கலர் ஜெராக்ஸ் எடுத்த கதை. இதில் எக்ஸ்எஃப்எஸ் நல்ல காசாளர்: அதே எண்ணில் ஒன்று ஏற்கெனவே பொருத்தியிருந்தால் ரெண்டாவதைப் பொருத்த மறுத்துவிடும். எக்ஸ்ட்4 அப்படிக் கேட்காது. எல்லோரும் எக்ஸ்எஃப்எஸ் மாதிரி முகத்தில் அடித்தாற்போல் மறுத்தால்தான் என்ன?

அதுவரை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ரெண்டாவது வட்டை மாட்டும் முன் எஃப்எஸ்டேப்பில் லேபிள் இருக்கிறதா, எண் இருக்கிறதா என்று பாருங்கள். லேபிள் இருந்தால் எண்ணாக மாற்றிவிட்டு மாட்டுங்கள். மாட்டியபின் எல்எஸ்பிஎல்கே -எஃப் என்று அடித்தால் லேபிளும் எண்ணும் வரிசையாக வரும். ஒரே பேர் ரெண்டு இருந்தால் இ2லேபிள் கட்டளையால் ஒன்றை மாற்றுங்கள். நகல் வட்டாக இருந்தால், பொருத்துவதற்கு முன் டியூன்2எஃப்எஸ் கொண்டு புது யூயூஐடி கொடுத்துவிடுங்கள்.

கொசுறு: எப்போதாவது மாட்டுகிற வட்டுக்கு எஃப்எஸ்டேப்பில் 'நோஃபெயில்' என்று சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த வட்டு இல்லாத நாளில் சிஸ்டம்டி 90 வினாடி காத்திருந்துவிட்டு, எமர்ஜென்சி என்று உட்கார்ந்துகொள்ளும் :-)