‘ரெண்டே நிமிஷம்!’ - நிஜத்தில் எவ்வளவு நேரம்?

“ரெண்டே நிமிஷம், வந்துட்டேன்!” - இன்றைக்கு இதை எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? சொன்னபடி இரண்டாவது நிமிடத்தில் போய் நின்றது எத்தனை தடவை?

கவலைப்படாதீர்கள், உலகமே இப்படித்தான். ‘ஜஸ்ட் எ செகண்ட்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போகிறவர் பத்து நிமிடம் கழித்து வந்தாலும் யாரும் சண்டைக்குப் போவதில்லை. ‘இன் எ ஜிஃபி’ என்பார்கள். ஆட்டுக்குட்டி இரண்டு தடவை வாலாட்டும் நேரத்தில் வருவதாகச் சொல்லும் சொலவடையும் அவர்களிடம் உண்டு. ‘மொமென்ட்’ என்ற சொல்லுக்கு இடைக்கால ஐரோப்பாவில் கணக்கே இருந்தது. ஒரு மணி நேரத்தை 40 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 90 செகண்ட். இன்று அந்தக் கணக்கு யாருக்கும் நினைவில்லை, சொல் மட்டும் நிற்கிறது.

நம் முன்னோர் இதில் கில்லாடிகள். எழுத்தை உச்சரிக்கும் நேரத்தைத் தொல்காப்பியம் ‘மாத்திரை’யால் அளக்கிறது. கண் ஒரு முறை இமைக்கும் நேரம் அல்லது விரலை ஒரு முறை நொடிக்கும் நேரம்தான் 1 மாத்திரை. ‘அ’வுக்கு 1, ‘ஆ’வுக்கு 2, ‘க்’குக்கு அரை. ‘நொடி’ என்று நாம் சொல்வதும் விரல் நொடிப்பதில் இருந்து வந்ததுதான். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அதில் 60-ல் ஒரு பங்கு விநாடி. இன்று செகண்டுக்குச் சொல்லும் விநாடி, பழைய கணக்கில் 24 செகண்ட்!

எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் வந்தால் “சித்த நேரம் இருங்க” என்பார்கள். “ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்” என்பார்கள். இந்த எட்டு எண் அல்ல, காலடி. ஓர் அடி வைக்கும் நேரம்தானாம்! போனவர் அரை மணி கழித்துத்தான் வருவார் என்று கேட்பவருக்கும் தெரியும். ‘உங்களை மறக்கலை, போயிடாதீங்க’ என்பதுதான் அதற்கு அர்த்தம். வீட்டு வாசலுக்கும் டீக்கடைக்கும் அது போதும்.

ஆனால், வண்டி ஓட்டும்போது இந்தச் சலுகை கிடையாது. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி தொழிலோடு சம்பந்தம் இல்லாத குடும்பத்தைப் பார்ப்பது அரிது. சேலத்தையும் நாமக்கல்லையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-ல் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு செகண்டில் 22 மீட்டர் கடந்துவிடும். ‘ஒரு செகண்ட்தானே’ என்று போனை எடுத்து, மெசேஜைப் படித்து நிமிர 3 செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 66 மீட்டர் போயாச்சு. ஐந்து பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் அவ்வளவு நீளம் வராது. அத்தனை தூரமும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

டிஜிட்டல் டெஸ்க்குக்கு வரும் விபத்துச் செய்திகளில் ‘கண் இமைக்கும் நேரத்தில்’ என்ற சொல் தவறாமல் இருக்கும். இமைக்க அரை செகண்ட்கூட ஆகாது. எதிரே இருப்பதைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போகவே ஒரு செகண்டுக்கு மேல் ஆகலாம். வண்டி நிற்பது அதற்கும் பிறகுதான். லோடு ஏற்றிய லாரி என்றால் இன்னும் தள்ளித்தான் நிற்கும். அதனால் பல விபத்துகள் இமைக்கும் நேரத்தில் நடப்பதில்லை. அதற்கு முன்னால் ‘ஒரு செகண்ட்தானே’ என்று நினைத்தபோதே ஆரம்பித்துவிடுகின்றன.

இதில் வீட்டில் இருக்கும் நமக்கும் பங்கு உண்டு. “எங்க வர்றீங்க, இன்னும் எவ்வளவு நேரம்?” என்று நாம் போன் போட்டால், வண்டி ஓட்டுகிறவர் ஒரு கையில் போனோடு “இதோ அஞ்சு நிமிஷம்” என்பார். அந்த அஞ்சு நிமிடத்தைக் காப்பாற்ற வேகத்தைக் கூட்டுவார். புறப்படும் முன்பே எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டுவிட்டால், வழியில் போன் எதற்கு? அவசரம் என்றால் ஓரமாக நிறுத்திவிட்டு அவரே கூப்பிடட்டும்.

வெளியூரில் இருந்து வண்டியில் வரும் அப்பாவுக்கோ, அண்ணனுக்கோ, பைக் எடுத்துக்கொண்டு கிளம்பும் தங்கைக்கோ புறப்படும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் ஊர் அம்மாக்கள் சொல்வதுதான்: “சித்த நேரம் ஆனாலும் பரவால்ல, பதனமா வா.”