கேட்டுவிட்டுச் செய்யுங்கள்!



உங்கள் வீட்டைக் கட்டும்போது குசினியை எந்தப் பக்கம் வைப்பது என்று உங்களைக் கேட்டார்களா? பல வீடுகளில் கேட்பதில்லை. வீட்டுக்காரரும் மேசனும் கயிறு பிடித்து அளந்து காரியத்தை முடித்துவிடுவார்கள். குடிபுகுந்த மறுநாள்தான் கோளாறு தெரியும். கிணறு ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். காற்றடித்தால் புகையெல்லாம் உள்ளே. இனி இடிக்கவும் முடியாது. அந்தப் புகையில் இருபது வருடம் நிற்கப் போகிறவளிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் செலவு ஒன்றும் கூடியிருக்காது.

ஊர் நிர்வாகத்திலும் இதே கதைதான். தெருவிளக்கு, வடிகான், குப்பை, சந்தை, பொதுக் கழிப்பிடம், பிள்ளைகள் நடந்து போகும் ஒழுங்கை இவையெல்லாம் நகரசபையின் பொறுப்புகள். இலங்கையில் 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகரசபைகள் கட்டளைச் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் பொதுச் சேவைகளையும் வீதிகளையும் சபையிடமே ஒப்படைத்தது. இவற்றில் எது பெண்ணின் அன்றாட வாழ்வைத் தொடாதது? ஆனால் முடிவெடுக்கும் மேசையைச் சுற்றி அவள் இருந்த காலம் மிகக் குறைவு.

இந்த மாதம் ஒரு சிறிய ஊரை முன்வைத்து இதைப் பேசுவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், பருத்தித்துறைக்கு மேற்கே, கடலைப் பார்த்தபடி இருக்கிறது வல்வெட்டித்துறை. பாய்க்கப்பல் கட்டிக் கடலோடிய ஊர். இங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, 1938இல் அது அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. கப்பலைச் செலுத்தியவர்கள் இவ்வூர்க் கடலோடிகள்.

அவ்வளவு தூரம் கப்பலோட்டிய ஊருக்குத் தன் நகரசபையைத் தானே தேர்ந்தெடுக்க எத்தனை முறை வாய்ப்புக் கிடைத்தது? 1983க்குப் பிறகு 1998 ஜனவரியில்தான் குடாநாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வல்வெட்டித்துறைக்கு அடுத்தது 2011இல். அதற்கடுத்தது 2018இல். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6இல். இடையில் வந்த நீண்ட காலங்களில் சபை இல்லை. அதிகாரிகளே ஊரை நடத்தினார்கள். 1983இல் பிறந்த பெண் பிள்ளை தாயாகிப் பேரப்பிள்ளை காணும் வயதை நெருங்கும்வரை, அவள் ஊரில் நான்கே நான்கு தேர்தல்!

சபை இல்லாத காலத்தில் ஊருக்காகப் பேசியது யார்? பிரஜைகள் குழு. 1989 ஆகஸ்ட் 2ஆம் தேதி, புலிகளின் தாக்குதலில் படைவீரர் சிலர் இறந்ததைத் தொடர்ந்து, இந்திய அமைதிப்படையினர் வல்வெட்டித்துறைக்குள் புகுந்தார்கள். பொதுமக்கள் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்த நாட்களில் ஊரின் பிரஜைகள் குழு இறந்தவர்களின் பெயர்களைத் திரட்டியது, கண்டவர்களிடம் சத்தியக் கடதாசி வாங்கியது, வெளியுலகத்துக்குச் சொன்னது. பதவியோ சம்பளமோ இல்லாத அந்தக் குழுவிடம் மக்கள் வாய் திறந்தார்கள் என்றால், காரணம் ஒன்றுதான்: அது தங்களிடம் வந்து கேட்டது.

அதே 1989இல், உலகத்தின் மறுகோடியில், பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் வேறொரு கேள்வி கேட்கப்பட்டது. 'நகராட்சியின் பணத்தை முதலில் எதற்குச் செலவிடலாம்?' என்று நகரத் தலைவர்கள் வட்டாரம் வட்டாரமாகக் கூட்டம் வைத்து மக்களையே கேட்டார்கள். ஏழைகள் குடியிருந்த பகுதிகளிலிருந்து வந்த பதில் குழாயும் கழிவுநீர்க் கானும்தான். 1988இல் நூற்றுக்கு 75 வீடுகளுக்கு இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்பு 1997இல் 98 வீடுகளுக்குக் கிடைத்தது என்று உலக வங்கி எழுதியது. பிற்காலத்தில் ஆட்சி மாறியபோது அந்த வழக்கம் தளர்ந்துபோனது. ஆனாலும், கேட்டால் ஏழை என்ன சொல்வான் என்பதை அது உலகத்துக்குக் காட்டிவிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 1996இல் அங்கே மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத்தின் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை ஊராட்சிகளிடம் கொடுத்து, 'கிராம சபையில் பேசி முடிவெடுங்கள்' என்றார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு பெண்களுக்கான திட்டங்களுக்கு என்றும் ஒதுக்கினார்கள். எல்லாக் கூட்டத்துக்கும் எல்லோரும் வந்துவிடவில்லை. ஆனால் கையில் பணமும் இருக்கிறது, பேச்சுக்கு மதிப்பும் இருக்கிறது என்று தெரிந்தபோது, வீட்டுக்குள் இருந்த பெண்கள் பலர் வெளியே வந்தார்கள். தமிழ்நாட்டிலும் ஆண்டுக்கு நான்கு முறை கூடிய கிராம சபை, 2022இல் ஆறு முறை என்றானது.

கேளாமல் தொடங்கினால் என்ன ஆகும்? இதற்கும் வெகுதூரம் போக வேண்டாம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீர்தான் கிணற்று நீர். கரையோரத்தில் கொஞ்சம் அதிகமாக இறைத்தால் உப்புக் கரிக்கும். இந்தக் குறையைத் தீர்க்க, கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் ஒன்றுக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் தர இசைந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் இரணைமடு விவசாயிகள், 'எங்கள் சிறுபோகப் பயிருக்கே தண்ணீர் போதாதே' என்று எதிர்த்து நின்றார்கள். யாழ்ப்பாணத்துத் தாய்க்குக் குடிநீர் வேண்டும், கிளிநொச்சித் தாய்க்கு வயல் விளைய வேண்டும். இரண்டும் நியாயம். இரண்டு பேரையும் முதலிலேயே ஒரு பாயில் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டாமா?

கடைசியில் திட்டம் மாறியது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டுவதென்று முடிவாயிற்று. அங்கேயும் மீனவக் குடும்பங்கள், 'வெளியேற்றும் உப்புநீரால் எங்கள் கடல் என்ன ஆகும்?' என்று கேட்டன. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் அந்த நிலையம் 2024 ஆகஸ்ட் 2ஆம் தேதி திறக்கப்பட்டது. தொடங்கியதிலிருந்து 14 ஆண்டுகள்! தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முடிவெடுத்த பிறகு சமாதானம் சொல்லப் போவதும், முடிவுக்கு முன்பே கேட்கப் போவதும் ஒன்றல்ல என்ற பாடம் இதில் இருக்கிறது.

ஆகவே வல்வெட்டித்துறையானாலும் நம் ஊரானாலும், தலைவர்களிடம் நாம் வேண்டுவது பெரிய காரியமல்ல.

முதலாவது, படம் வரைந்து ஒப்பந்தம் கொடுத்த பின் கூட்டம் வைக்காதீர்கள். அது கலந்தாலோசனை அல்ல, அறிவிப்பு. இரண்டாவது, ஆட்கள் வரக்கூடிய நேரத்தில், வரக்கூடிய இடத்தில் கேளுங்கள். அந்தி நேரத்தில் சபை மண்டபத்தில் கூட்டம் வைத்துவிட்டு, 'பெண்கள் அக்கறைப்படுவதில்லை' என்று குறை சொல்வதில் என்ன நியாயம்? சனசமூக நிலையம் இருக்கிறது, மாதர் சங்கம் இருக்கிறது, பாடசாலை இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவள் ஓய்ந்திருக்கும் முற்பகலில் வாருங்கள். மூன்றாவது, கையில் உள்ள பணம் எவ்வளவு என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். தொகை தெரிந்தால் மக்கள் வானத்தைக் கேட்கமாட்டார்கள். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவளுக்கு எது முந்தி, எது பிந்தி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்காவது, பதில் சொல்லுங்கள். எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஒரு தடவை பதில் வராவிட்டால் மறு தடவை அவள் வரமாட்டாள்.

கேட்கப்படாதவர்களில் இன்னொரு கூட்டமும் உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட நம் சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். போர் 2009இல் முடிந்த பிறகு திரும்பி வந்தவர்கள் உண்டு, வர வழியில்லாமல் புத்தளத்திலேயே தங்கியவர்களும் உண்டு. பட்டியலில் பெயர் இல்லாதவரை யாரும் கேட்பதில்லை. நல்ல தலைவர் தன் முன் வந்தவர்களை மட்டும் எண்ணமாட்டார். 'வராதது யார்?' என்றும் கேட்பார்.

பெண்ணின் ஆலோசனை நமக்குப் புதிதல்ல. ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனம் தளர்ந்து நின்றபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் யோசனையைக் கேட்டு நடந்தார்கள். காரியமும் சீரானது. கலந்து பேசுவது பலவீனம் என்று நினைக்கும் தலைவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

சகோதரிகளே, இனி நம் பங்கு. இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் ஒரு காலத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. சட்டம் திருத்தப்பட்டு, 25 சதவீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் முதல்முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு வெகு முன்பே, 1998இல், யாழ்ப்பாண மாநகரசபையின் முதல் பெண் மேயராகச் சரோஜினி யோகேஸ்வரன் பொறுப்பேற்றார். அதே ஆண்டு மே மாதம் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாற்காலிக்கு எவ்வளவு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இன்று சபையில் இருக்கும் பெண் உறுப்பினரைத் தனியே விட்டுவிடாதீர்கள். உங்கள் குறையை அவர் காதில் போடுங்கள்.

உங்கள் வட்டார உறுப்பினரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே விசாரியுங்கள். ஒழுங்கையில் விளக்கு இல்லையென்றால் வாசலில் நின்று பேசுவதோடு விட்டுவிடாமல், பத்து வீட்டுக் கையொப்பத்தோடு கடிதம் எழுதுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். சபை எதற்கு எவ்வளவு செலவிட்டது என்று கேட்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து கையில் இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டியது அவர்கள் கடமை. அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் சபைக்கு வந்துவிடும். உங்கள் யோசனை அதற்கு முன்பே போய்ச் சேரட்டும்.

ஊரும் ஒரு வீடுதான். இந்த முறை குசினியை எங்கே வைப்பது என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், கயிறு பிடிக்கும்போதே போய் நில்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.