திருச்செந்தூருக்கு நடப்போம், பள்ளிக்கூடத்துக்கு நடக்க மாட்டோமா?

ஜூன் பிறந்தால் எங்கள் பக்கம் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே ஆரம்பிக்கும். ஒன்று குற்றால சீசன், இன்னொன்று பள்ளிக்கூடம். சாரல் விழுந்ததும் ஐந்தருவி ரோட்டில் காரும் வேனும் வரிசை கட்டும். அதற்கு நடுவே, மூன்று பேர் உட்கார வேண்டிய ஆட்டோவில் எட்டுப் பத்துப் பிள்ளைகள், பை வெளியே தொங்க, பள்ளிக்குப் போவார்கள். இவர்களில் பலருக்குப் பள்ளி ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது!

ஏன் நடக்க வைக்கக் கூடாது? தனியாக அல்ல. தெருப் பிள்ளைகளை ஒன்று சேர்த்து, முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். ஜப்பானில் பல ஊர்களில் பிள்ளைகள் இப்படித்தான் கூட்டமாகப் போகிறார்கள். இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் 1998-லேயே இதற்கு 'நடக்கும் பஸ்' என்று பெயர் வைத்து ஆரம்பித்துவிட்டார்கள்.

இதைச் சொன்னால் பெற்றோர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

"ரோட்டுல நடந்தா அடிபட்டுரும்!" பயம் நியாயம்தான். 2012 ஏப்ரலில் ஜப்பானின் கமேயோகாவில் அப்படி நடந்துபோன பிள்ளைகள் மீதே கார் பாய்ந்தது. அதற்காக அவர்கள் நடப்பதை நிறுத்தவில்லை. நாடு முழுக்கப் பள்ளிப் பாதைகளைச் சோதித்தார்கள். அதே 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். வண்டியில் ஏற்றிவிட்டால் பத்திரம் என்று யார் சொன்னது?

"மழை பெய்யுதே?" சாரலில் நனைவதற்குத்தானே ஊர் ஊராக இங்கே வருகிறார்கள்! நம் பிள்ளைக்கு ஒரு குடை போதும். அடைமழை என்றால் அன்று மட்டும் ஆட்டோ.

"யாரு கூட்டிட்டுப் போறது?" பத்து வீடு சேர்ந்தால், தினம் இரண்டு பேர் என்று வைத்தாலும், ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வரும்.

"நடந்து போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" வெளியே சொல்லாத காரணம் இதுதான். கூலிக்காரர் பிள்ளைதான் நடக்கும் என்ற நினைப்பு. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் அதே ரோட்டில் நடந்துதான் போகிறார்கள், துணைக்கு யாரும் இல்லாமல். நம் ஆட்டோ உரசிக்கொண்டு போவது அவர்களைத்தான். உங்கள் பிள்ளையும் சேர்ந்து நடந்தால் அவர்களுக்கும் ஒரு துணை கிடைக்கும்.

தைப்பூசத்துக்குக் குழு சேர்ந்து திருச்செந்தூர் வரை நடக்கிறோமே, அப்போது மட்டும் ரோடு நல்ல ரோடா? ஓரமாக வரிசையில் போகிறோம், பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம், வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிறோம். நமக்குத் தெரிந்த வேலைதான் இது.

நடைபாதை வேண்டும், பள்ளி நேரத்தில் வேகத்தடுப்பு வேண்டும். கண்டிப்பாகக் கேட்போம். ஆனால் ஆட்டோவுக்குள் இருந்து கேட்டால் எந்த அதிகாரிக்கும் காதில் விழாது. முப்பது பிள்ளைகள் தினமும் காலையில் அந்த ரோட்டில் நடந்தால், கேட்காமல் இருக்க முடியாது.

உங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகள்? இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.