மூலிகைதானே என்று இருந்துவிடாதீர்கள்



"இது வெறும் மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்லாத வீடு நம்மிடையே உண்டா? என் மாமியும் அப்படித்தான் சொன்னார். நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர். பக்கத்து வீட்டு ராத்தா சொன்னாரென்று கொத்தலஹிம்புட்டு அவித்த தண்ணீரையும் குடிக்கத் தொடங்கியிருந்தார். ஒருநாள் அஸர் நேரம், கை நடுங்கி, உடல் வியர்த்துச் சோர்ந்து விழுந்தார். வைத்தியசாலையில், "வேறு மருந்து ஏதும் எடுத்தீர்களா?" என்று கேட்டார்கள். "ஒன்றுமில்லை" என்றார் மாமி. அவர் கணக்கில் மூலிகை மருந்தே இல்லை!

உடலின் கணக்கு வேறு. சோறு, இடியப்பத்திலுள்ள மாப்பொருளைக் குளுக்கோசாக உடைப்பவை சிறுகுடலிலுள்ள நொதியங்கள். கொத்தலஹிம்புட்டிலுள்ள சலசினோல், கொத்தலனோல் என்னும் பொருட்கள் இந்நொதியங்களைத் தடுக்கின்றன. இதனால் இரத்தத்தில் குளுக்கோசு மெதுவாகவே சேரும். குளிசை ஏற்கனவே அதைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது, இரண்டும் சேர்ந்தால் அளவுக்கு மீறிக் குறையலாம்.

அப்படி நடுக்கமும் வியர்வையும் கண்டால், சுயநினைவு உள்ளவருக்குக் குளுக்கோசு கரைத்துக் கொடுங்கள். சாதாரண சீனியை உடைக்கவும் அதே நொதியங்கள் வேண்டுமாதலால், சீனித் தண்ணீரின் பலன் தாமதமாகலாம். நினைவு தப்பியவருக்கு வாயால் எதையும் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மஞ்சளின் கதை வேறு. அதிலுள்ள குர்குமின் மிகச் சொற்பமாகவே இரத்தத்தில் சேரும். சேர்வதையும் குடற்சுவரும் ஈரலும் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடும். பெங்களூர் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 2 கிராம் குர்குமினுடன் மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். இரத்தத்தில் சேர்ந்த அளவு ஏறத்தாழ 20 மடங்கானது. ஈரல் செய்யும் வேலையைப் பைப்பரின் மந்தமாக்குவதே காரணம்.

இதைக் கேட்டு மிளகை அள்ளி விழுங்கிவிடாதீர்கள்! வைத்தியர் தரும் குளிசைகளில் பலவற்றையும் அதே ஈரல்தான் கழிக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயின் போன்ற மருந்துகள்கூடப் பைப்பரினால் இரத்தத்தில் கூடுகின்றன. கறிக்கு இடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் பயப்பட வேண்டியதில்லை. சத்தைச் செறிவாக்கி விற்கும் மாத்திரைகளில்தான் கவனம் தேவை. மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள்.

சகோதரிகளே, மூத்தோர் தந்த மூலிகைகளைக் கைவிடும்படி நான் சொல்லவில்லை. அவற்றையும் மருந்தாக மதியுங்கள் என்றே சொல்கிறேன். வீட்டில் யார் என்ன கசாயம் குடிக்கிறார், எவ்வளவு குடிக்கிறார் என்பதை எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள். ஆயுர்வேத வைத்தியரிடம் போகும்போது குளிசைகளைக் கொண்டுபோங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கேளாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

மாமி இப்போது நலமாக இருக்கிறார். பக்கத்து வீட்டு ராத்தா புதிதாக ஏதும் சொன்னால், "முதலில் டொக்டரிடம் கேட்போம்" என்று அவரே சொல்லிவிடுகிறார்.