இரண்டாவது படத்துக்கு யார் பணம் தருவது?

நியூயார்க் லிங்கன் சென்டரில் உள்ள வால்டர் ரீட் அரங்கம் பெரியதல்ல. மொத்தம் 268 இருக்கைகள். ஆண்டுதோறும் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு வாரம் அந்த அரங்கம் இத்தாலிக்காரர்கள் வசமாகிவிடும். ‘ஓப்பன் ரோட்ஸ்: நியூ இட்டாலியன் சினிமா’ என்ற பெயரில் 2001 முதல் நடந்துவரும் இந்த விழாவை லிங்கன் சென்டரின் திரைப்பட அமைப்பும், ரோமில் உள்ள அரசு நிறுவனமான சினெச்சித்தாவும் சேர்ந்து நடத்துகின்றன. பெயர்பெற்ற இயக்குநர்களின் புதுப் படங்களும், இப்போதுதான் முதல் படத்தை முடித்துவிட்டு வந்திருப்பவர்களின் படங்களும் அடுத்தடுத்துத் திரையேறும். படம் முடிந்ததும் இயக்குநர் மேடைக்கு வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வார். போட்டி கிடையாது, விருதும் கிடையாது. படம் பார்ப்பதும் பேசுவதும்தான் விழா.

இப்படி ஒரு விழா வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால், இந்த விழாவின் பின்னால் நிற்கும் அதே அரசு, சொந்த ஊரில் புதியவர்கள் படம் எடுக்கும் வழியைக் குறுக்கிக்கொண்டே அயலூரில் அவர்களைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வது முறையல்ல. இத்தாலிய அரசு 2024இல் கொண்டுவந்த நிதி விதிகளிலிருந்து, குறைந்த செலவில் எடுக்கும் முதல் படத்தையும் இரண்டாவது படத்தையும் விலக்க வேண்டும். அதைச் செய்யாதவரை நியூயார்க் விழா வெறும் கடைமுகப்பு அலங்காரமாகவே இருக்கும்.

இந்தப் புதியவர்கள் யார் என்று பார்த்தால்தான் இழப்பின் அளவு புரியும். சுற்றுலாத் துறை விற்கும் இத்தாலியில் நீரூற்றும், மாடி விருந்தும், திராட்சைத் தோட்டமும் இருக்கும். 2014இல் ஆஸ்கர் வாங்கிய பவோலோ சொரெந்தினோவின் ‘லா கிராந்தே பெல்லெட்சா’ அந்த மினுமினுப்பை எள்ளி நகையாடியது. ஆனாலும் பார்வையாளரை இழுத்து உட்காரவைத்தது அந்த மினுமினுப்புதான். புதியவர்களின் இத்தாலி வேறு ஊர்களில் இருக்கிறது.

ஜோனாஸ் கார்பின்யானோ தென்கோடியில், கலாப்ரியாவின் ஜோயா தவுரோ என்ற துறைமுக ஊரில் குடியேறி மூன்று படங்களை அங்கேயே எடுத்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்து ஆரஞ்சுத் தோட்டத்தில் கூலிவேலை செய்பவர்களின் கதை ‘மெதித்தெரானேயா’ (2015). ரோமா இனச் சிறுவன் ஒருவனின் கதை ‘ஆ சாம்ப்ரா’ (2017). தன் தகப்பனுக்கு மாஃபியாவோடு தொடர்பு உண்டு என்று கண்டுபிடிக்கும் பதினைந்து வயதுப் பெண்ணின் கதை ‘ஆ கியாரா’ (2021). முன்பு ஒரு குறும்பட வேலையின்போது படப்பிடிப்புக் கருவிகளோடு அவருடைய கார் திருடுபோய்விட்டது. அதை மீட்கப் போன குடியிருப்பில்தான் அந்த ரோமா குடும்பத்தைச் சந்தித்தார். பிறகு அந்தக் குடும்பமே ‘ஆ சாம்ப்ரா’வில் நடித்தது. மார்ட்டின் ஸ்கார்செசி நிர்வாகத் தயாரிப்பாளராக வந்து சேர்ந்தார். இத்தாலி அந்தப் படத்தையே ஆஸ்கருக்கு அனுப்பியது. கார் திருடுபோனதால் கிடைத்த படத்தை எந்த நிதி விண்ணப்பத்தில் முன்கூட்டியே எழுதிக் காட்ட முடியும்?

வடகோடியில் லவுரா சமானி இருக்கிறார். அவருடைய முதல் படம் ‘பிக்கொலோ கோர்போ’ (2021). கதை நடப்பது 1900ஐ ஒட்டிய காலம். இறந்தே பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை, பெயரும் இல்லை. மலைமேல் உள்ள ஒரு தலத்துக்குக் கொண்டுபோனால் ஒரே ஒரு மூச்சுக்குக் குழந்தை உயிர் பெறும், அந்த நேரத்தில் ஞானஸ்நானம் செய்துவிடலாம் என்று ஒரு தாய் கேள்விப்படுகிறாள். குழந்தையைச் சிறு பெட்டியில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டு கடலோரத்திலிருந்து மலையை நோக்கி நடக்கிறாள். பேசுவது ஃபிரியூலி, வெனெத்தோ வட்டார மொழிகள். இதைப் பார்க்க ரோம்வாசிக்கே சப்டைட்டில் வேண்டும். (நேப்பிள்ஸ் பேச்சில் எடுத்த மத்தேயோ கரோனேயின் ‘கொமோரா’வும் 2008இல் சொந்த நாட்டிலேயே சப்டைட்டிலோடுதான் ஓடியது.) நட்சத்திரம் இல்லை, பொதுமொழி இல்லை, துக்கத்தைத் தவிரக் கதையில் வேறு விற்பனைச் சரக்கும் இல்லை. அந்தப் படம் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. இத்தாலியின் தாவித் தி தொனதெல்லோ விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநர் விருதும் சமானிக்குக் கிடைத்தது. இரண்டாவது படத்தோடு அவர் வெனிஸுக்கு வந்து சேர்ந்தது 2025இல். இடையில் நான்கு ஆண்டுகள்.

நாம் வாதாட வந்திருப்பது இந்த நான்கு ஆண்டுகளுக்காகத்தான். முதல் படத்தை ஒருவர் எப்படியும் எடுத்துவிடுவார். வயது துணைநிற்கும், நண்பர்கள் சம்பளம் கேட்க மாட்டார்கள், திரைப்படப் பள்ளி கைகொடுக்கும். வெனிஸ் விழாவில் சிறந்த முதல் படத்துக்கென்றே ஒரு லட்சம் டாலர் பரிசு இருக்கிறது; இயக்குநரும் தயாரிப்பாளரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். இரண்டாவது படத்துக்கு வரும்போது அவர் புதியவரும் அல்ல, பெரியவரும் அல்ல. சலுகை காட்டுபவர்கள் அடுத்த புதுமுகத்தைத் தேடிப் போய்விடுகிறார்கள். பணம் போடுபவர்கள் முதல் படத்தின் வசூல் கணக்கைக் கேட்கிறார்கள்.

இத்தனைக்கும் இத்தாலியில் பெரிய இயக்குநர்கள் உருவாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது படியில்தான். அலிச்சே ரோர்வாக்கரின் முதல் படம் ‘கோர்போ செலெஸ்தே’ 2011இல் வந்தது. அவருக்குக் கான் விழாவின் கிராண்ட் ப்ரீ வாங்கித் தந்தது 2014இன் இரண்டாவது படம் ‘லே மெராவில்யே’. ஆவணப்படங்களிலிருந்து வந்த மவுரா தெல்பெரோவின் முதல் கதைப்படம் ‘மெட்டர்னல்’ (2019). ஐந்தாண்டு கழித்து வந்த ‘வெர்மில்யோ’ வெனிஸில் நடுவர் குழுவின் பெரும் பரிசைப் பெற்றது. மறு ஆண்டு தொனதெல்லோ விருதுகளில் ஏழு அதற்குப் போயின. சிறந்த இயக்குநருக்கான அந்த விருதை ஒரு பெண் வாங்கியது அதுவே முதல்முறை. 1944இன் பனிக்காலம், இயக்குநரின் தகப்பன் வழிக் கிராமம், ஒரு பள்ளி ஆசிரியரின் வீடு, போர்முனையிலிருந்து ஓடிவந்த சிசிலிச் சிப்பாய், வட்டாரப் பேச்சு. இதை எடுக்க இத்தாலியோடு பிரான்சும் பெல்ஜியமும் பணம் போட வேண்டியிருந்தது.

சட்டம் இதையெல்லாம் அறியாததல்ல. 2016இன் 220ஆம் எண் சட்டம் சினிமாவுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 40 கோடி யூரோ ஒதுக்கியது. தயாரிப்புச் செலவில் 40 சதவீதம் வரை வரிச்சலுகையாகத் திரும்பக் கிடைக்கும் நிலை வந்தது. நிபுணர் குழு படித்துப் பார்த்துத் தரும் நேரடி உதவியில் முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் இளம் இயக்குநருக்கும் தனி இடமே வைத்தார்கள். நல்ல சட்டம். அது வந்த பிறகு படங்களின் எண்ணிக்கை கூடி, ஆண்டுக்கு 300ஐத் தாண்டியது.

தாண்டியதும் சிக்கல் தொடங்கியது. யாரும் பார்க்காத படங்களுக்கு லட்சக்கணக்கில் மக்கள் பணம் போகிறது என்று பிரதமர் மெலோனி அரசின் அமைச்சர்கள் பேச ஆரம்பித்தார்கள். 2024இல் விதிகள் மாறின. வரிச்சலுகை கேட்பவர் தனியார் பணம் எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். திரையரங்கு வெளியீட்டுக்கு விநியோக நிறுவனத்துடன் ஒப்பந்தம் காட்ட வேண்டும். அந்த நிறுவனமும் சந்தையில் முன்வரிசையில் நிற்பதாக இருக்க வேண்டும் என்கிற ரீதியில் நிபந்தனைகள் இறுகின. சிறு தயாரிப்பாளர்கள் லாட்சியோ நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். விதிகளுக்காகக் காத்திருந்த மாதங்களில் படப்பிடிப்புகள் நின்றுபோக, லைட்மேன்களும் எடிட்டர்களும் உடையலங்காரக் கலைஞர்களும், எங்கள் தொழில் எண்ட் டைட்டிலுக்கு வந்துவிட்டது என்ற முழக்கத்தோடு ஒன்றுகூடினார்கள்.

அரசு சொல்வதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பொய்ப் பெயரில் வந்த ஓர் அயல்நாட்டுக்காரரின், எடுக்கப்படவே இல்லாத படத்தின் பெயரில் எட்டு லட்சம் யூரோவுக்கும் மேல் வரிச்சலுகை போயிருந்தது 2025இல் அம்பலமானபோது இத்தாலியே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அது கணக்குத் தணிக்கையில் பிடிபட வேண்டிய திருட்டு. ரசீதைச் சரிபார்க்காத அலுவலகத்தின் குற்றத்துக்கு, மலைக்கிராமத்தில் கேமராவோடு நிற்கும் பெண்ணிடம் பெரிய விநியோகஸ்தரின் கையெழுத்தைக் கேட்பது என்ன நீதி? பெரிய விநியோகஸ்தர் முதலில் கேட்கும் கேள்வி, யார் நடிக்கிறார்கள் என்பது. சமானியிடமும் கார்பின்யானோவிடமும் அதற்குச் சொல்ல ஒரு பெயரும் இருந்திருக்காது.

அப்படியானால் எல்லாவற்றையும் நிபுணர் குழுவிடமே விட்டுவிடலாமா என்றால், அங்கும் ஒரு பாடம் இருக்கிறது. நடிகையாகவும் தொலைக்காட்சி நகைச்சுவைக் கலைஞராகவும் அறியப்பட்ட பவோலா கொர்த்தெல்லேசி தன் முதல் படத்துக்குக் கேட்ட நேரடி உதவியை 2022இல் குழு மறுத்துவிட்டது. கறுப்பு வெள்ளையில், அடிக்கும் கணவனோடு வாழும் ஒரு பெண், பெண்கள் முதல்முறையாக வாக்களித்த 1946இல் என்ன செய்கிறாள் என்று சொன்ன அந்தப் படம், ‘சே அங்கோரா தொமானி’, 2023 அக்டோபரில் வெளியானது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிக்கெட் வாங்கினார்கள். அந்த ஆண்டு இத்தாலியில் ‘பார்பி’யையும் முந்தியது அதுதான். குழுவுக்கும் கணிக்கத் தெரியவில்லை, சந்தைக்கும் தெரியவில்லை. கொர்த்தெல்லேசிக்கு ஏற்கெனவே இருந்த புகழ் அவரைக் கரைசேர்த்தது. அதே மறுப்பைப் புகழில்லாத ஒருவர் வாங்கியிருந்தால், அப்படி ஒரு படம் கைநழுவியது என்ற செய்திகூட நமக்கு வந்திருக்காது. எனவே, தெரியாதவர்களுக்கு வழிகள் பலவாக இருக்க வேண்டும். ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறந்திருக்க வேண்டும். புதிய விதிகள் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி போடப் பார்க்கின்றன.

விழாவுக்குள்ளும் ஓர் ஆபத்து உண்டு: எந்தப் படம் வெளியே போகலாம் என்பதைப் பணம் தரும் அரசே முடிவு செய்வது. அது பழையது. 1949இல் அன்றைய துணைச் செயலர் ஜூலியோ அந்திரெயோத்தி கொண்டுவந்த சட்டம் உள்நாட்டுப் படங்களுக்கு உதவி தந்தது. நாட்டின் பெயரைக் கெடுக்கும் என்று கருதும் படத்துக்கு ஏற்றுமதி அனுமதியை மறுக்கும் வழியையும் கூடவே வைத்துக்கொண்டது. 1952 பிப்ரவரியில், பிற்காலத்தில் ஏழு முறை பிரதமரான அதே அந்திரெயோத்தி, ஓய்வூதியத்தில் வாழ முடியாமல் தவிக்கும் முதியவரைக் காட்டிய ‘உம்பெர்த்தோ டி’க்காக இயக்குநர் விட்டோரியோ டி சிகாவை வெளிப்படையான கடிதம் எழுதிக் கண்டித்தார். இதுதான் இத்தாலி என்று உலகம் நம்பிவிட்டால் நாட்டுக்குக் கெட்ட பெயர் என்பது அவர் கவலை.

அந்த 1952இன் தொடக்க மாதங்களில்தான் பம்பாயில் தொடங்கிய முதல் இந்திய சர்வதேசத் திரைப்பட விழா சென்னை, டெல்லி, கல்கத்தா என்று பயணம் போனது. ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, ‘மிராக்கிள் இன் மிலான்’, ‘ரோம் ஓப்பன் சிட்டி’ ஆகியவை அதில் இருந்தன. வேலையில்லாத தகப்பனையும் திருடுபோன சைக்கிளையும் பார்த்து இங்கு யாரும் இத்தாலியை இகழவில்லை. அந்தப் படங்களின் தாக்கத்தில் மறு ஆண்டே பிமல் ராய் ‘தோ பீகா ஜமீன்’ எடுத்தார். ஒரு நாட்டின் சினிமாவை அயலார் மதிக்க வைத்தவை, அந்த நாட்டு அரசு மறைக்க விரும்பிய வகைப் படங்கள்தாம்.

ஆகவே லிங்கன் சென்டர் விழாவைப் பற்றி நாம் கேட்பது எளியது. சினெச்சித்தா பயணச் செலவைத் தரட்டும், பிரதிகளைத் தரட்டும். எந்தப் படம் என்பதைத் தேர்வாளர்கள் மட்டும் முடிவு செய்யட்டும். பட்டியலில் பாதியாவது முதல் படங்களும் இரண்டாவது படங்களுமாக இருக்கட்டும். சொரெந்தினோவுக்கும் கரோனேவுக்கும் இந்த 268 இருக்கைகள் தேவையில்லை. அவர்கள் படம் எப்படியும் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்துவிடும். ஒருமுறை முதல் படத்தோடு வந்தவரை அடுத்த திரைக்கதையோடு மீண்டும் அழைத்து, பணம் போடக்கூடியவர்கள் முன்னால் உட்காரவைப்பதற்கும் அந்த ஒரு வாரத்தில் இடம் உண்டு. இயக்குநரோடு கேள்வி பதில் என்று அரை மணி நேரம் நடத்தி, பூங்கொத்து கொடுத்து அனுப்புவதைவிட அது அவருக்கு உதவும்.

மற்ற வேலை ரோமில் இருக்கிறது. கலாச்சார அமைச்சகம் வரிச்சலுகை விதிகளைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கிறது. அடுத்த திருத்தத்தில், குறைந்த செலவில் எடுக்கும் முதல், இரண்டாவது படங்களுக்கு விநியோக ஒப்பந்தமும் தனியார் பணப் பங்கும் தேவையில்லை என்று ஒரு வரி சேர்க்கட்டும். ஏமாற்றுவதைத் தடுக்க, செலவுக் கணக்கைப் படப்பிடிப்பு நடக்கும்போதே சரிபார்க்கும் ஆட்களை நியமிக்கட்டும். குழு மறுத்த திரைக்கதைக்கு வேறொரு குழுவிடம் மேல்முறையீடு செய்யும் உரிமையும் வேண்டும்.