துவக்குக்கு என்ன பூட்டலாம்?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எந்தத் தேநீர்க்கடையிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பிஸ்டலுக்கு என்னென்ன பூட்டலாம் என்று பதினெட்டு வயதுப் பொடியன் ஒருவனிடம் கேளுங்கள். ரெட் டாட், நீட்டின மேகசின், லேசான ட்ரிகர், கீழே ஒரு லைட், முன்னுக்கு சப்ரெஸர் என்று மூச்சு விடாமல் சொல்லுவான். பாதி பப்ஜியில் படித்தது. மீதி, யாரோ ஓர் அமெரிக்கக்காரன் யூடியூபில் மேசை நிறையப் பரப்பி வைத்துக் காட்டியது. அதே பொடியனிடம், 1990 ஆகஸ்டில் இந்தக் கரையில் யார் யார் கையில் துவக்கு இருந்தது, அது யாரைச் சுட்டது என்று கேளுங்கள். முழிப்பான். அவன் வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

விளையாட்டின் மேல் எங்களுக்குக் கோபமில்லை. நாங்களும் விளையாடுகிறவர்கள்தான். கோபம், அதற்குப் பின்னால் வருகிற வசனத்தின் மேல்: "நமக்கும் ஒண்டு இருந்திருக்கணும் மச்சான்." 2014 இல் அளுத்கம, 2018 இல் அம்பாறையும் திகனயும் என்று ஒவ்வொரு அடி விழுந்த பிறகும் இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறோம். இப்போது அது எந்த மாடல் நல்லது, வாங்கினால் அதற்கு முதலில் எதை மாற்றுவது என்கிற ஆராய்ச்சியாக வளர்ந்திருக்கிறது. நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். கையில் ஒரு துவக்கு வந்தால் நாம் பாதுகாப்பாக இருப்போம் என்பதை இந்தக் கரை ஏற்கனவே பரீட்சித்துப் பார்த்துவிட்டது. பெறுபேறும் வந்துவிட்டது. யாரும் வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

"இவங்களுக்குத் துவக்கப் பத்தி என்ன தெரியும்" என்ற பேச்சு வரக்கூடாது என்பதால், முதலில் அந்த உதிரிப்பாகங்களையே எடுத்துக்கொள்வோம்.

புதுசாக ஒரு க்ளொக் வாங்குகிற அமெரிக்கக்காரன் பெரும்பாலும் முதலில் மாற்றுவது குறிபார்க்கிற முனைகளை. கம்பெனி பூட்டி அனுப்புவது பிளாஸ்டிக். அதைக் கழற்றிவிட்டு இருட்டில் மினுங்குகிற உலோகம் போடுவான். இன்னும் காசிருந்தால் ரெட் டாட். அதற்கு மேல் இரும்பை வெட்ட வேண்டும், அல்லது வெட்டியே வருகிற மாடலை வாங்க வேண்டும். அடுத்தது ட்ரிகர். கம்பெனி ட்ரிகரை இழுக்கச் சுமார் 5.5 இறாத்தல் விசை வேண்டும். அதைக் குறைத்தால் கை ஆடாமல் சுடலாம் என்று சொல்லி விற்கிறார்கள். உண்மைதான். ஆனால் விசை குறையக் குறைய, பதறின விரல் தவறுதலாக இழுப்பதும் இலேசாகிவிடும். இதனால்தான் நியூயோர்க் நகரப் பொலிஸ் நீண்ட காலம் எதிர்த்திசையில் போனது. தன் ஆட்களுடைய க்ளொக்குகளின் ட்ரிகரை ஏறக்குறைய 12 இறாத்தலுக்குப் பாரமாக்கி வைத்திருந்தது. தினம் தினம் துவக்கோடு தெருவில் நிற்கிறவன் பயந்தது தன் விரலுக்கு.

இன்னொரு உதாரணம். சிக் சவர் கம்பெனியின் பி320 பிஸ்டல் கீழே விழுந்தால் தானாக வெடிக்கலாம் என்று 2017 இல் வெளியே வந்தது. கம்பெனியே துவக்குகளைத் திருப்பி எடுத்து உள்ளே இருக்கிற பாகங்களை மாற்றிக் கொடுத்தது. அந்த 'அப்கிரேட்' செய்தது, சுடக்கூடாத நேரத்தில் சுடாமல் பார்த்துக்கொண்டது.

இந்த விஷயத்தில் நிதானமான பயிற்சியாளர்கள் சொல்லுகிற வரிசையும் வேறு: முதலில் நல்ல உறை, பூட்டி வைக்க ஓர் இரும்புப் பெட்டி, மறுகா பயிற்சிக்குச் சன்னம். மிச்சக் காசுக்குத்தான் மினுக்குகிற சாமான். எங்கட பேச்சில் 'பூட்டுறது' என்றால் பாகத்தைப் பொருத்துவதும்தான், சாவி போடுவதும்தான். யூடியூபில் முதலாவதுதான் விற்கிறது. இரண்டாவதில் லாபம் இல்லை.

இனி எங்கட நாட்டுக்கு வருவோம். இங்கே 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வட்டைக்குப் போகிற விவசாயி பயிரைக் காக்க வாங்குவது ஷொட்கன். தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அமைச்சின் வாசலுக்குப் போக வேண்டும். அது அரசியல்வாதிக்கும் பெரிய வியாபாரிக்கும் திறக்கிற வாசல். அவர்களையும்கூட, தற்காப்புக்கென்று கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி 2024 இன் கடைசியில் அமைச்சு கேட்டது. 2025 ஜனவரி 20 கடைசித் திகதி. எம்.பி.மாரின் இடுப்பிலேயே நிலைக்காத சாமானுக்கு நாம் ட்ரிகர் தெரிவு செய்துகொண்டிருக்கிறோம்.

"அப்ப கள்ளத் துவக்குதான்" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு ஒரு ஞாபகமூட்டல். 2019 மே மாதம், கப்பல் சுக்கான் படம் அச்சடித்த உடுப்பைப் போட்டதற்காக ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அதைத் தர்மச்சக்கரம் என்றார்கள். அந்த நாட்களில் தேடுதலில் அகப்பட்ட கத்திகளும் வாள்களும் வரிசையாக அடுக்கப்பட்டுப் படம் பிடித்துப் போடப்பட்டன. உடுப்பிலிருந்த ஒரு படத்துக்கே இவ்வளவு என்றால், உன் அலுமாரியில் ஒரு பிஸ்டல் அகப்பட்டால் அது உன்னுடைய வழக்காக மட்டும் இருக்காது. முழு ஊரின் வழக்கு. உன் உம்மாவும் ராத்தாவும் பஸ்ஸில் ஏறும்போது அவர்களைப் பார்க்கிற பார்வையும் அந்த வழக்கில் சேர்த்தி.

இப்போது அந்தப் பெறுபேற்றுக்கு வருவோம்.

1990 ஜூனில் புலிகளுக்கும் அரசுக்கும் திரும்பச் சண்டை தொடங்கியது. கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றார்கள். ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 11 இரவு ஏறாவூர். இந்தப் பக்கம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் நினைவுகூருகிறோம். நினைவுகூரத்தான் வேண்டும்.

நாம் புரட்டாத பக்கம் அடுத்தது. ஏறாவூர் விடிந்த அதே ஆகஸ்ட் 12 ஆம் திகதி, சம்மாந்துறைக்குப் பக்கத்தில் வீரமுனைக் கோயிலில் அகதிகளாகத் தங்கியிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் இருந்தார்கள் என்று உயிர் தப்பியவர்கள் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். அந்தப் படையின் கையில் இருந்தது, 'உங்களைப் பாதுகாக்க' என்று அரசு கொடுத்த துவக்கு. இரண்டு வருடம் கழித்து, 1992 ஏப்ரல் 29 இல், பொலன்னறுவையின் அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் முஸ்லிம்களைக் கொன்றார்கள். அன்றைக்கே பக்கத்துத் தமிழ்க் கிராமங்களான முத்துக்கல்லிலும் கரப்பொலவிலும் ஊர்காவல் படையினர் பழி தீர்த்தார்கள். கொல்லப்பட்ட அந்தத் தமிழர்கள் யாரும் அழிஞ்சிப்பொத்தானைக்குத் துவக்குத் தூக்கி வந்தவர்கள் அல்லர்.

"ஆனா துவக்கு இல்லாததாலதானே காத்தான்குடி நடந்தது?" நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்க மாட்டோம். தொழுகையில் நின்றவர்களுக்குக் காவல் இருந்திருக்க வேண்டும். அந்தக் காவல் அரசின் கடமை. அரசு அந்தக் கடமையை நிறைவேற்றவில்லை. ஊர்ப் பொடியன்மாரின் கையில் ஷொட்கன்னைக் கொடுத்துக் கடமையை அவர்கள் தலையில் இறக்கிவிட்டது. அதனால் கொலை நின்றதா? ஊர்காவல் படை வந்த பிறகுதான், 1992 ஒக்டோபர் 15 இல், பள்ளியகொடல்லயிலும் அயல் கிராமங்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் திரும்பக் கொல்லப்பட்டார்கள். துவக்கு நமக்குக் காவல் தரவில்லை. பக்கத்து ஊரோடு இருந்த கொடுக்கல் வாங்கலையும் வயல் உறவையும் சந்தைப் பழக்கத்தையும் அறுத்துத் தந்தது. அதற்கான வட்டியை நாம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

துவக்கு இன்னொரு துவக்கை வரவழைக்கும் என்பதற்குக் கிட்டடி உதாரணமும் இருக்கிறது. 2018 நவம்பர் 30 இல், மட்டக்களப்பு வவுணதீவு காவலரணில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டு, அவர்களுடைய துவக்குகள் பறிக்கப்பட்டன. பழி முன்னாள் போராளிகளின் மேல் விழுந்தது, அவர்களில் ஒருவர் சிறையிலும் இருந்தார். செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்பது ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகுதான் தெரியவந்தது. பயிற்சி எடுத்த, சீருடை போட்ட இரண்டு பேரையே இடுப்புத் துவக்கு காப்பாற்றவில்லை. அந்தத் துவக்குக்காகத்தான் அவர்கள் கொல்லப்பட்டார்கள்.

அடுத்த வருடம் ஏப்ரல் 26, சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமம். சுனாமி வீட்டுத்திட்டத்தில் புதுசாகக் குடிவந்தவர்கள் மேல் ஊராருக்குச் சந்தேகம் வந்தது. ஆட்கள் போய் விசாரித்தார்கள், தகவல் கொடுத்தார்கள். அந்த இரவு நடந்த சூட்டிலும் குண்டுவெடிப்பிலும் 15 பேர் இறந்தார்கள், அதில் 6 பேர் சின்னப் பிள்ளைகள். அந்தக் குண்டுகள் வேறெங்கும் போய் வெடிக்காமல் தடுத்தது யார்? ரெட் டாட் பூட்டின பிஸ்டலோடு நின்றவர்கள் அல்லர். பக்கத்து வீட்டைக் கவனித்த, கேள்வி கேட்கத் துணிந்த, தன் சமூகத்தவன் என்று மூடி மறைக்காத சாதாரண ஊர் ஆட்கள். இந்தக் கரையின் வரலாற்றில் ஊரைக் காத்தது எது என்று எங்களைக் கேட்டால் இந்த இரவைத்தான் காட்டுவோம்.

எங்கட ஊரில் 'தரமுயர்த்தல்' என்ற சொல்லைக் கேட்டாலே கல்முனை வடக்குப் பிரதேச செயலகம்தான் ஞாபகம் வரும். முப்பது வருடத்துக்கு மேலாக இழுபடுகிற பிரச்சினை. உண்ணாவிரதம், ஊர்வலம், எதிர் ஊர்வலம் எல்லாம் பார்த்துவிட்டோம். இரண்டு பக்கமும் ஃபேஸ்புக்கில் எழுதுவதை வாசித்தால் வயிறு எரியும். ஆனாலும் அது இன்னும் வாயிலும் மனுவிலும் நிற்கிறது. அந்தக் கூட்டங்களில் பக்கத்துக்கு நாலு பிஸ்டல் இருந்திருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

எனவே தரமுயர்த்த வேண்டியவற்றின் பட்டியலை நாங்களே தருகிறோம். எந்த மாவட்டத்தில், எந்தக் காரணத்துக்காக, எத்தனை துவக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அமைச்சு வருடா வருடம் வெளியிடட்டும். தமிழ் 1987 இலிருந்து அரசகரும மொழி. அப்படியிருந்தும் நம் மொழியில் முறைப்பாட்டை எழுதி எடுக்க ஒருவரைத் தேட வேண்டியிருக்கிற நிலைமை பொலிஸ் நிலையங்களில் ஒழியட்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் கொத்துரொட்டியில் கருத்தடை மாத்திரை என்று கதை கட்டிக் கடையையும் பள்ளிவாசலையும் அடித்தார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வு அதைப் பொய் என்றது. அந்த இரவு பொலிஸ் ஏன் வேளைக்கு வரவில்லை என்ற கேள்வியை விடாமல் கேட்போம். வீரமுனைக்கும் காத்தான்குடிக்கும் ஒரே மேடையில் ஒரு நினைவுகூரலை நம் தலைமுறையாவது நடத்தட்டும்.

இதெல்லாம் மெதுவான வேலை, யூடியூபில் லைக் விழாது. கூட்டத்துக்குப் போக வேண்டும், மனு எழுத வேண்டும், காரைதீவிலும் பாண்டிருப்பிலும் இருக்கிற நம் வயதுக்காரர்களோடு உட்கார்ந்து சங்கடமான கதைகளைக் கதைக்க வேண்டும். அடுத்த முறை கடையில் யாராவது "நமக்கும் ஒண்டு இருந்திருக்கணும்" என்று தொடங்கினால், சும்மா தலையாட்டிவிட்டு வராதீர்கள். "1990 இல இருந்திச்சே காக்கா, என்ன நடந்த?" என்று கேளுங்கள்.